சத்தம் வராத சம்பந்தம்

கேசரிக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது கண்மணியின் காதில் அந்த வார்த்தை விழுந்தது. "சின்ன அப்டேட்தான்" என்றார் கருப்பசாமி, ஹாலில் இருந்து, யாரும் கேட்காமலேயே. கேட்காமல் சொல்கிறார் என்றால் ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். முப்பது வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாமலா இருப்பாள்.

அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பார்த்தாள். கம்ப்யூட்டரோடு இணைத்திருந்த டிவி முழுக்கக் கறுப்பாக இருந்தது. அதில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக மேலே ஓடிக்கொண்டிருந்தன. எதிரே குளித்து, விபூதி பூசி, பட்டு வேட்டி கட்டிய மனுஷன் சோபா நுனியில் கீபோர்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். மணி பன்னிரண்டரை. இரண்டரைக்குப் பெண் வீட்டார் வருகிறார்கள்.

"இன்னைக்கா பண்ணணும்?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு வீடியோ கால் இருக்குல்ல. எல்லாம் லேட்டஸ்ட்டா இருக்கட்டும்னுதான். நல்ல நேரம் பாத்துத்தான் ஸ்டார்ட் பண்ணேன்" என்றார் கருப்பசாமி.

ஊரில் மற்றவர்கள் கம்ப்யூட்டர் வாங்கினால் அதில் என்ன வந்ததோ அதை வைத்துக்கொண்டு நிம்மதியாகப் புழங்குவார்கள். கருப்பசாமி வாங்கின அன்றே வந்ததை அழித்துவிட்டு, யாரும் இலவசமாக எடுத்து இஷ்டம்போலத் திருத்திக்கொள்ளக்கூடிய லினக்ஸைப் போடுவார். ஏன் என்று கேட்டால் சுதந்திரம் என்பார். அந்தச் சுதந்திரத்தின் புண்ணியத்தில் அந்த வீட்டுப் பிரிண்டர் காகிதம் துப்பி நான்கு வருஷம் ஆகிறது. கண்மணியின் லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடும், திறந்தால் எழுந்திருக்காது. ஒரு ஃபாரம் பிரிண்ட் எடுக்க அவள் கார் எடுத்துக்கொண்டு, ஹூஸ்டன் ஓரத்தில் அவர்கள் இருக்கும் கேட்டி ஊர் லைப்ரரிக்குப் போகிறாள். அங்கே இருக்கும் வெள்ளைக்காரக் கிழவி அவளுக்கு வீட்டில் கம்ப்யூட்டரே கிடையாது என்று பரிதாபப்பட்டு, காசில்லாமல் ஒன்று வாங்கித் தரும் திட்டம் இருக்கிறதென்று நோட்டீஸ் கொடுத்தாள். வீட்டில் ஏழு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று கண்மணி எந்த வாயால் சொல்வாள்.

இதெல்லாம் பழகின எரிச்சல். இன்றைக்கு விஷயம் வேறு. மகன் கதிர் சான் ஹோசேயில் வேலை பார்க்கிறான். இருபத்தெட்டு வயது. வான்மதி என்ற பெண்ணை அவனே பார்த்துப் பிடித்து, அவனே வந்து சொல்லியிருக்கிறான். பெண்ணின் அப்பா அம்மா கிழக்குக் கரையில் பிஸ்கட்டவே என்ற ஊரில் இருந்து மாப்பிள்ளை வீடு பார்க்க வருகிறார்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் கலிபோர்னியாவில் இருந்தபடி டிவியில் வருவார்கள். எல்லோரும் ஒன்றாகப் பேசி, பிடித்திருந்தால் நாலரைக்கு ராகுகாலம் தொடங்குமுன் வெற்றிலை பாக்கு மாற்றி வார்த்தையை முடித்துக்கொள்வதாக ஏற்பாடு. ஏழரைக்கு அவர்களுக்கு ஃப்ளைட்.

புதன்கிழமை கதிர் போனில் அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருந்தான். வந்தவர்கள் முன்னால் லினக்ஸ் என்ற வார்த்தையே வரக்கூடாது. அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. போன வருஷம் சுகர்லேண்டில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் அப்பா பேச்சுவாக்கில் தன் லேப்டாப் கொஞ்சம் மந்தமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தார். பஜ்ஜி ஆறுவதற்குள் கருப்பசாமி அதை மாடிக்குக் கொண்டுபோய்விட்டார். இரண்டு மணி நேரம் கழித்து லேப்டாப் குதிரை மாதிரி ஓடியது, உண்மைதான். ஆனால் அந்த மனிதரின் ஆபீஸ் வேலை ஒன்றும் அதில் ஓடவில்லை. பதினைந்து நாள் கழித்து ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் பார்த்துப் பொருத்தம் என்று சொன்ன பிறகுதான் அவர்கள் வீட்டுக்கே வந்தார்கள் என்பது கண்மணிக்கு நன்றாக நினைவிருந்தது.

இரண்டரைக்குச் சொன்னபடி வந்துவிட்டார்கள். செழியன் மருந்துக் கம்பெனிக்காரர், சொந்த ஊர் ஈரோடு. உட்கார்ந்ததும் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். அதிலேயே கண்மணிக்கு அவரைப் பிடித்துப்போனது. அவர் மனைவி பூங்கொடி மட்டும் சரியாகச் சாயாமல் உட்கார்ந்திருந்தாள். கண் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. டிவிக்குக் கீழே மினுக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியையும், அதிலிருந்து போகும் வயர்களையும், அலமாரியில் அடுக்கியிருந்த பழைய லேப்டாப்புகளையும் அவள் பார்த்த விதம் கண்மணிக்கு உறுத்தியது. அந்த அலமாரியைப் புடவை போட்டு மூடும்படி கருப்பசாமியிடம் அவள் நேற்றே சொல்லியிருந்தாள். கேட்டால்தானே.

கருப்பசாமி சத்தியத்தைக் காப்பாற்றினார். ஹூஸ்டன் வெயிலைப் பற்றிப் பேசினார், டோல் ரோட்டைப் பற்றிப் பேசினார், விஷயம் தீர்ந்துபோனதும் மறுபடி வெயிலுக்கு வந்தார். மூன்று மணிக்கு டிவியைப் போட்டார். கதிரும் வான்மதியும் பளிச்சென்று வந்தார்கள். வான்மதியின் ரூம்மேட்டும் பக்கத்து அறையில்தான் இருக்கிறாள் என்று பூங்கொடி அவசரமாகச் சொன்னாள். பெண் மாநிறம், பெரிய கண்ணாடி, மஞ்சள் சுடிதார். கைகூப்பி ஏதோ சொன்னாள். கதிரும் சொன்னான். ஒரு சத்தமும் வரவில்லை.

"வணக்கம்மா. கேக்கலை" என்றார் கருப்பசாமி. டிவி ரிமோட்டை எடுத்து வால்யூமை நூறுக்கு ஏற்றினார். பிள்ளைகள் வாயசைத்துக்கொண்டிருந்தார்கள்.

தன் போனிலேயே பேசிவிடலாமே என்று கண்மணி சொன்னாள். வீட்டுக்கு வந்தவர்களை ஐந்தங்குல போனைச் சுற்றி மண்டையோடு மண்டை முட்ட வைப்பதா, இரண்டே நிமிஷம் என்றார் கருப்பசாமி. அந்த இரண்டு நிமிஷத்தைக் கண்மணி நன்றாக அறிவாள். ஒரு தடவை அதில் தீபாவளியே போயிருக்கிறது.

மூன்று ஐம்பதுக்கு மனுஷன் டிவிக்குப் பின்னால் தரையில் மண்டிபோட்டிருந்தார். பட்டு வேட்டியில் கார்ப்பெட் தூசி. வயரைப் பிடுங்கிச் சொருகினார், பெட்டியை அணைத்துப் போட்டார். திரையின் மூலையில் சவுண்ட் செட்டிங்கில் 'டம்மி அவுட்புட்' என்று இருந்தது. சத்தம் எங்கேயோ போகிறது, ஆனால் அப்படி ஓர் இடமே கிடையாது என்று அதற்கு விளக்கம். செழியன் மரியாதைக்காக என்ன பிரச்சினை என்று ஒரு வார்த்தை கேட்டார். போதாதா. சத்தியம் பறந்துவிட்டது. கருப்பசாமி எழுந்து நின்று, லினக்ஸில் சத்தம் எந்தெந்த வழியாகப் போகிறது, முன்பு எந்த வழியாகப் போயிற்று, மத்தியானம் போட்ட அப்டேட் எதை மாற்றியது, அது ஏன் உண்மையில் நல்லதற்கே என்று பத்து நிமிஷம் பேசினார். கலிபோர்னியாவில் கதிர் தலையைக் கையில் தாங்கிக்கொண்டான். அவனுக்கு இங்கே நடப்பது நன்றாகவே கேட்டது.

பூங்கொடியின் முகம் வெளுத்துவிட்டது. கண்மணி அதைப் பார்த்தாள். சுகர்லேண்டுக்காரர்கள் வாய் திறக்காமல் எழுந்துபோனார்கள், இவள் இங்கேயே சொல்லிவிடுவாள் போலிருக்கிறது என்று நினைத்தாள். காபி கொண்டுவருவதாகச் சொல்லி அடுப்படிக்கு வந்து, டிகாக்ஷன் பாத்திரத்தைப் பிடித்தபடி நின்றாள். இந்த மனுஷனை என்னதான் செய்வது. பிள்ளை கல்யாணத்துக்குக் கூடவா ஒரு ரெண்டு மணி நேரம் வாயைக் கட்டத் தெரியாது.

பின்னாலேயே பூங்கொடி வந்துவிட்டாள். கண்மணி முந்திக்கொண்டாள். அவர் தங்கமான மனுஷன், குடி கிடையாது, சீட்டு கிடையாது, இந்த ஒன்றுதான், முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும், கதிர் அப்படி இல்லை, அப்பா மாதிரி இல்லவே இல்லை என்று மூச்சுவிடாமல் சொன்னாள். சொல்லும்போதே அழுகை வரப் பார்த்தது.

பூங்கொடி அவள் கையைப் பிடித்தாள். "அக்கா, நாங்கதான் ஒண்ணை மறைச்சுட்டு வந்துட்டோமுங்க. பொண்ணைப் பத்தி."

கண்மணிக்குத் திக்கென்றது. ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. முன்பே எங்கேயாவது நிச்சயம் ஆகி நின்றுபோனதா, உடம்புக்கு ஏதாவதா.

"அவளும் இதே கேசுதானுங்க" என்றாள் பூங்கொடி.

காலேஜில் பிடித்த வியாதியாம். பக்கத்து ஊர் எடிசனில் இருந்து ஒரு டாக்டர் பையன் பெண் பார்க்க வந்திருக்கிறான். ஈமெயில் பார்க்கத் திறந்த லேப்டாப்பை அவளிடம் கொடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருக்கிறான். அவன் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் பாதி இன்ஸ்டால் ஆகிவிட்டது. அவன் கேட்டுத்தான் போட்டேன் என்று இவள் சாதிக்கிறாள். அவன் சும்மா தலையாட்டியிருப்பான் பாவம். அதற்குப் பிறகு வந்த இடமும் நிற்கவில்லை. ஆகவே இந்தத் தடவை வாயே திறக்கக்கூடாது என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தாள் பூங்கொடி. கதிருக்கு எல்லாம் தெரியுமாம். அவன் தன் அப்பாவிடம் வாங்கிய சத்தியத்தின் இன்னொரு பாதி இதுதான் என்று கண்மணிக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்க அலமாரியப் பாத்ததும் எனக்கு உசுரே இல்லைங்க. மாமனாரும் மருமகளும் ஒண்ணு சேந்தா அந்தப் பையன் கதி என்னாகும்னு" என்றாள் பூங்கொடி. "நீங்க அனுபவிச்சவங்க. வேண்டாம்னு தோணுச்சுன்னா இப்பவே சொல்லிருங்க. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

கண்மணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அதற்கும் பிறகு வந்ததுதான் நிஜமானது: பயம். தன் பிள்ளையாவது தப்பித்தான் என்று அவள் நினைத்திருந்தாள். முதல் சம்பளத்தில் அவன் ஒரு லேப்டாப் வாங்கினான், திறந்தால் வேலை செய்கிற ஜாதி. அப்பா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. கண்மணிக்கு மட்டும் உள்ளுக்குள் அத்தனை சந்தோஷம். அவன் வீட்டில் பிரிண்டர் வேலை செய்யும், அவன் பெண்டாட்டி லைப்ரரிக்கு ஓட வேண்டாம் என்று எத்தனை நாள் நினைத்திருக்கிறாள். இப்போது ஓடப்போவது அவனே. தெரிந்தே பிள்ளையை அந்தக் கிணற்றில் தள்ளச் சொல்கிறார்கள், அதுவும் தன் கையால் வெற்றிலை பாக்குக் கொடுத்து.

ஹாலுக்குத் திரும்பினால் அங்கே வேறு நாடகம். கருப்பசாமி மளிகைக்கடை நோட்டீஸின் பின்பக்கம் எதையோ பெரிதாக எழுதி, டிவிமேல் இருந்த கேமராவுக்கு முன்னால் பிடித்துக்கொண்டிருந்தார். பெண்ணும் சத்தியத்தை மறந்து, நானே சரிசெய்கிறேன் என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டாளாம்; அவள் அங்கேயிருந்தே இந்தக் கம்ப்யூட்டருக்குள் வருவதற்குப் பாஸ்வேர்டு கொடுக்கிறாராம். பதினொரு வருஷமாகக் கண்மணி கேட்டுக் கொடுக்காத பாஸ்வேர்டு அது. பாதுகாப்பு என்பார், ரிஸ்க் என்பார். இன்னும் வீட்டுக்கே வராத பெண்ணுக்கு ஒன்றேகால் மணி நேரத்தில் போய்விட்டது. கண்மணி எட்டிப் பார்த்தாள். தன் பெயராவது இருக்கும் என்று எப்போதும் ஒரு நினைப்பு இருந்தது. இல்லை. காலேஜ் ஹாஸ்டல் பெயரும் ரூம் நம்பரும் இருந்தது.

திரையில் வான்மதி சடசடவென்று தட்டிக்கொண்டிருந்தாள். தட்டினது இங்கே டிவியில் தானாக வரியாக ஓடியது. கருப்பசாமி இங்கிருந்து ஏதோ சொன்னார், அவள் தலையை ஆட்டி வாயசைத்தாள். அவர் அதைக் கேட்டது மாதிரியே பதில் சொன்னார். அவருக்குச் சத்தமே தேவைப்படவில்லை. அந்த மாதிரி ஒரு முகத்தைக் கண்மணி அவரிடம் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

"இப்டித்தானுங்க, எங்கூட்ல வாராவாரம்" என்றார் செழியன், முறுக்கைக் கடித்தபடி.

மணி நாலு இருபத்தைந்து. கண்மணிக்கு ஒரு வழி தோன்றியது. ராகுகாலம் வரப்போகிறது, இன்றைக்கு வேண்டாம், நிதானமாகப் பேசி இன்னொரு நாள் முடிவு சொல்கிறோம் என்று சொல்லிவிடலாம். ஒரு மாசம் கிடைத்தால் கதிரிடம் பேசிப் பார்க்கலாம். அவள் மெல்ல ராகுகாலம் என்று இழுத்தாள். செழியன் கையைத் துடைத்துக்கொண்டு, சம்பந்தப்பட்டவங்க ரெண்டு பேரும் கலிபோர்னியாவில்தானே இருக்கிறார்கள், அங்கே மணி இரண்டரைதான், இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கிறது என்றார். பூங்கொடி ஒரு கணம் யோசித்து, அதுவும் சரிதான் என்று ஒப்புக்கொண்டாள். கண்மணியின் வழி அடைபட்டது.

அப்போதுதான் அவள் திரையில் மகனைப் பார்த்தாள். வான்மதிக்குப் பக்கத்தில், மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்ட சட்டையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. முடியும்போது முடியட்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது அவளுடைய முகம். முப்பது வருஷமாக அவள் இந்த சோபாவிலும் இதற்கு முந்தின சோபாக்களிலும் உட்கார்ந்திருந்த முகம்.

போனை எடுத்துக்கொண்டு, அரிசி பருப்பு வைக்கும் பேன்ட்ரிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். கதிர் எழுந்து வேறு அறைக்குப் போய் எடுத்தான்.

"உன் லேப்டாப்ல இப்ப என்ன இருக்கு? உண்மையச் சொல்லு" என்றாள்.

"போன மாசம் மாத்திட்டாம்மா."

"யாரக் கேட்டு?"

"ஸ்லோவா இருக்குன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன்."

"வேலை செய்யுதா?"

"கேமரா மட்டும் வரலை. மத்தபடி ஓகே."

கண்மணி அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். "இங்க பாரு தம்பி. இன்னும் வார்த்தை கொடுக்கலை. கல்யாணத்துக்கு அப்புறம் சரியாயிரும்னு நினைச்சுக் கட்டிக்காத. ஆகாது. ஒண்ணு சரியாகும், அதுக்கு இன்னொண்ணு போகும். உங்கப்பாவக் கட்டின எனக்குத் தெரியும். யோசிச்சுச் சொல்லு."

கதிர் யோசித்தான். அப்புறம் கேலி இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான்: "நீ ஏம்மா இருந்த?"

அவன் பிறப்பதற்கு முந்தின வருஷம் நினைவுக்கு வந்தது. வேலைக்குப் போக விசா இல்லை, கார் ஓட்டத் தெரியாது. டாலஸில் ஒரு ஒற்றை அறை அபார்ட்மெண்டில் ஆறு மாதம் அவள் படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை. யாரிடமும் அதை அவள் சொன்னதில்லை, கதிரிடமும் இல்லை. வேறொருவனாக இருந்தால் ஊருக்கு டிக்கெட் போட்டிருப்பான். கருப்பசாமி தினமும் சாயங்காலம் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவார். இன்னைக்கு வேற ஒண்ணு ட்ரை பண்ணிப் பாப்போமா என்று கேட்பார். ஒரு நாள் நடை, ஒரு நாள் கோயில், ஒரு நாள் டிரைவிங், ஒரு நாள் ஒன்றும் சரிவராமல் வெறும் ரசம் சாதம். சலித்துக்கொண்டதே கிடையாது. பழுதான எதையும் தூக்கிப் போடத் தெரியாத ஜன்மம். அன்றைக்கு அது அவளுக்கு வாழ்வு கொடுத்தது, அதற்கப்புறம் இத்தனை வருஷமும் உயிரை வாங்குகிறது.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்" என்றாள். "அந்தப் பொண்ணு, ஒரு விஷயம் சரியா வரலைன்னா, பாதியில விட்டுட்டுப் போயிருமா?"

கதிர் சிரித்துவிட்டான். "அவளாம்மா? விட மாட்டா. அதுதானே பிரச்சினையே."

கண்மணி அரிசி மூட்டையிலிருந்து எழுந்தாள். போனை அணைத்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கருப்பசாமி மறுபடி டிவிக்கு அடியில் படுத்திருந்தார். பட்டு வேட்டியும் இரண்டு பாதங்களும் மட்டும் வெளியே தெரிந்தன. கேசரி ஆறிப்போயிருந்தது. பூங்கொடி எழுந்து நின்று அவள் முகத்தையே பார்த்தாள். திரையில் வான்மதி விரலை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தாள்.

கண்மணி சாமி அலமாரியில் இருந்து வெற்றிலை பாக்குத் தட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"வாங்கிக்கோங்க சம்பந்தி" என்றாள். "சத்தம் வர்றப்ப வரட்டும்."